கோகு நல்ல அப்பாவா?



போன வாரம் பேரனோடு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் போட்டோ ஒன்றைப் போட்டிருந்தேன். திரையில் ஆரஞ்சு உடை போட்ட கார்ட்டூன் வீரன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். "டீச்சர், நீங்களும் டிராகன் பால் பார்க்கிறீங்களா?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். என் சித்தி மட்டும், "அது எந்தக் கம்பெனிப் பாலும்மா?" என்று கேட்டிருந்தார். எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், நேரம் கிடைக்கும்போது படியுங்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கட்டாயம் கடைசிவரை படிக்கவும்.

முதலில் சித்திக்கு. டிராகன் பால் என்பது ஜப்பானியச் சித்திரக்கதை. அகிரா தோரியாமா என்பவர் 1984-இல் ஒரு வாரப் பத்திரிகையில் வரையத் தொடங்கி 1995 வரை வரைந்தார். மொத்தம் 42 புத்தகம். அதிலிருந்து டி.வி. தொடர்கள் வந்தன, தியேட்டருக்கென்று கார்ட்டூன் படங்களும் வந்தன. 1986-இல் முதல் படம், 2022-இல் வந்தது இருபத்தோராவது படம். தொடக்க காலப் படங்கள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அங்கே பள்ளிக்கு விடுமுறை விடும் பருவத்தில் பிள்ளைகளுக்காக வேறு சில கார்ட்டூன்களோடு சேர்த்துத் திரையிடுவார்களாம். நம் ஊரில் முழுப் பரீட்சை லீவுக்கு ஜாக்கி சான் படம் போடுவார்களே, அந்த மாதிரி. சொல்லப்போனால் தோரியாமாவே ஜாக்கி சானின் 'டிரங்கன் மாஸ்டர்' படத்துக்குப் பெரிய ரசிகர். அந்தக் குங்ஃபூ சினிமாவின் சுவைதான் அவரை இந்தக் கதைக்குக் கொண்டுவந்தது.

என் மாணவர்களுக்கு இந்த அறிமுகம் தேவையில்லை. 2000-க்குப் பிறகு ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்களே, மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் வேப்பமரத்தடியில் இரண்டு கையையும் இடுப்போரம் சேர்த்துவைத்து "காமே... ஹாமே... ஹா" என்று தொண்டை கிழியக் கத்தியது நீங்கள்தானே? வீட்டில் கேபிள் இல்லாதவர்கள்கூட கேபிள் இருந்தவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டீர்கள். அன்றைக்கு எனக்குச் சத்தம் மட்டும்தான் தெரியும். கதை தெரிந்தது பேரன் வந்த பிறகு.

உங்களில் பலருக்குத் தெரியும், என் மாப்பிள்ளை ஓமனில் எலெக்ட்ரீஷியனாக இருக்கிறார். அவர் போகும்போது பேரனுக்கு ஐந்து வயது, இப்போது பத்து முடிந்துவிட்டது. இடையில் இரண்டு தடவை லீவில் வந்து போனார். மகளும் பேரனும் எங்களோடுதான் இருக்கிறார்கள். மகள் வேலைக்குப் போய்விடுவாள். வீட்டுக்காரர் மாலையில் கிரிவலப் பாதையில் நடக்கக் கிளம்பிவிடுவார். மீதி இருப்பது நானும் பேரனும் டி.வி.யும். 2022-இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் 'டிராகன் பால் சூப்பர்' தமிழில் பேசத் தொடங்கியதும் இவன் அதற்குள் போய்விட்டான். தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டாமே என்று நானும் கூட உட்கார்ந்தேன். பிறகு பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தோம். ஆங்கிலத்தில் பேசினால் அவன் எனக்குக் கதை சொல்வான். முப்பத்து நான்கு வருடம் பாடம் நடத்தியவளுக்கு உட்கார்ந்து பாடம் கேட்பதும் சுகமாகத்தான் இருந்தது.

கதாநாயகன் பெயர் கோகு. மலையில் கைவிடப்பட்ட குழந்தை. ஒரு தாத்தா எடுத்து வளர்க்கிறார். அவர் பெயர் கோஹான். தாத்தா இறந்த பிறகு அவர் விட்டுப்போன, நான்கு நட்சத்திரம் உள்ள பந்து ஒன்றைத் தாத்தாவாகவே நினைத்துப் பத்திரமாக வைத்துக்கொள்கிறான். வளர்ந்து, கல்யாணமாகி, மகன் பிறந்ததும் அவனுக்கும் கோஹான் என்றே பெயர் வைக்கிறான். அந்தப் பந்து மகனுடைய தொப்பிக்குப் போகிறது. 1989-இல் வந்த 'டிராகன் பால் இசட்' முதல் படத்தில் வில்லன் பையனைத் தூக்கிக்கொண்டு போவதே அந்தத் தொப்பிப் பந்துக்காகத்தான்.

இதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த டீச்சர் எழுந்துவிட்டார். பேரன் என்ற சொல் பெயரன் என்பதிலிருந்து வந்தது, தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் என்று அவனுக்குச் சொன்னேன். இவனுக்கும் என் வீட்டுக்காரருடைய அப்பா பெயரைத்தான் வைத்திருக்கிறோம். "அப்போ ஜப்பான்லயும் நம்மள மாதிரிதானா?" என்றான். கோஹான் என்றால் ஜப்பானிய மொழியில் சோறு. அந்தச் சோற்றுக்குப் பிறந்த மகளுக்கு பான் என்று பெயர். பான் என்றால் ரொட்டி. இதைக் கேட்டு அவன் தாத்தா இரண்டு நாள் சிரித்தார்.

இன்னொன்றும் சொன்னேன். ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் சீனாவிலிருந்து இந்தியாவுக்கு வந்தார், நரசிம்மவர்மப் பல்லவன் காலத்தில் காஞ்சிபுரத்துக்கும் வந்தார் என்று சமூக அறிவியலில் படித்திருப்பீர்கள். அவருடைய பயணத்தை வைத்துச் சீனாவில் கதைகள் வளர்ந்து, பதினாறாம் நூற்றாண்டில் 'மேற்கு நோக்கிய பயணம்' என்ற பெரிய நாவலாக வந்தது. அதில் துறவிக்குத் துணையாக வரும் குரங்கு வீரன் பெயர் சுன் வுகோங். நினைத்தபடி நீளும் கோல் ஒன்று வைத்திருப்பான், மேகத்தில் ஏறிப் பறப்பான். அனுமனின் சாயல் அவனிடம் இருப்பதாகச் சில அறிஞர்கள் கருதுகிறார்கள். அந்தப் பெயரை ஜப்பானியர்கள் படித்தால் சோன் கோகு. சின்ன வயது கோகுவுக்கு வால் இருப்பதும், நீளும் கோல் இருப்பதும், மேகத்தில் பறப்பதும் அங்கிருந்து வந்தவைதான். போளூர், ஆரணி, செய்யாறு தாண்டினால் காஞ்சிபுரம். அங்கே வந்துபோன ஒருவரோடு இந்தக் கார்ட்டூனுக்கு இப்படி ஒரு தூரத்துச் சொந்தம் இருக்கிறது. பேரன் இதை வகுப்பில் சொல்லி அவன் டீச்சரிடம் கைதட்டு வாங்கினான்.

2024 மார்ச் 8, மகா சிவராத்திரி. நம் ஊர் அன்றைக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேரடி வீதியில் காலையிலேயே கூட்டம் நெருக்கியது. அன்றுதான் ஜப்பானிலிருந்து அந்தச் செய்தி வந்தது. தோரியாமா மார்ச் 1-ஆம் தேதியே காலமாகிவிட்டார், வயது 68. என்னைவிட ஏழு வயதுதான் மூத்தவர். பேரன் அழுதான். வீட்டில் பெரியவர் யாராவது போனால் அழுவதுபோல, சத்தமில்லாமல், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதான். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

அன்று ராத்திரி கண் விழிக்கும்போது நம் மலையின் கதையைச் சொன்னேன். பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் யார் பெரியவர் என்று போட்டி. நெருப்புத் தூணாக நின்ற சிவனின் முடியைத் தேடி அன்னமாகப் பிரம்மா மேலே போனார். அடியைத் தேடி வராகமாக விஷ்ணு கீழே போனார். இரண்டு பேராலும் முடியவில்லை. விஷ்ணு வந்து முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார். பிரம்மா பார்த்ததாகப் பொய் சொன்னார். பேரன் சட்டென்று, "பேட்டில் ஆஃப் காட்ஸ் படத்துல கோகுவும் தோத்துட்டேன்னு சொல்லிடுவான் பாட்டி" என்றான்.

உண்மைதான். 2013-இல் வந்த படம் அது. பதினேழு வருட இடைவெளிக்குப் பிறகு தியேட்டருக்கு வந்த படம். தோரியாமாவே கதைக்குள் இறங்கி வேலை செய்தார். பீரஸ் என்ற அழிவுக் கடவுள் பூமிக்கு வருகிறார். அவரை எதிர்க்க கோகுவுக்குத் தன் இனத்தார் ஐந்து பேர் கைகோத்துச் சக்தி கொடுக்க வேண்டும். ஆள் ஒன்று குறைகிறது. அந்த ஐந்தாவது சக்தி எங்கிருந்து வருகிறது தெரியுமா? கோஹானின் மனைவி வயிற்றில் இருக்கும் குழந்தையிடமிருந்து. அந்தக் குழந்தைதான் பிறகு பானாகப் பிறக்கிறாள். பிறக்காத பேத்தி தாத்தாவுக்குக் கை கொடுக்கிறாள். அப்படியும் கோகு ஜெயிக்கவில்லை. தோற்றதை ஒப்புக்கொள்கிறான். பூமி எப்படியோ பிழைக்கிறது. எப்போதும் ஜெயிக்கிற வீரர்களையே பார்க்கும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு படம் தேவை என்று நினைத்துக்கொண்டேன். பேரன் அதற்குப் பிறகு எழுந்து ஒரு இட்லி சாப்பிட்டான்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

இந்த வருடம் உறவு வழியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் ஒரு பெரியவர் என் மாப்பிள்ளையைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "காசு அனுப்பிட்டா அப்பனாயிடுவானா? புள்ளை வளர்றது கண்ணுக்குத் தெரியலையே" என்றார். யார் என்று யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். என் மகள் மேல் உள்ள அக்கறையில் சொன்னதுதான். ஆனால் பேரன் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தான். பாயசத்தைத் தொடவில்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகு இருட்டில் கேட்டான்: "பாட்டி, கோகு நல்ல அப்பாவா?"

அவன் யாரைக் கேட்கிறான் என்று எனக்குப் புரிந்தது. கோகு வீட்டில் இருப்பதே இல்லை. பயிற்சிக்கென்று வேறு கிரகத்துக்குப் போய்விடுவான். நடுவில் இறந்தும் போகிறான், ஏழு வருடம் வருவதில்லை. மகன் கோஹானை நாலு வயதிலிருந்து வளர்த்துப் பயிற்சி கொடுத்தது பிக்கோலோ என்ற பச்சை நிற ஆசாமி. முதலில் எதிரியாக வந்தவர். பிறகு அந்தப் பையன் மேல் விழ வந்த அடியைத் தான் வாங்கிக்கொண்டு உயிரை விடுகிறார். (திரும்பி வந்துவிடுவார், சித்தி கவலைப்பட வேண்டாம்.)

ஆமாம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். இல்லை என்று சொன்னால் அந்தப் பெரியவர் சொன்னது சரி என்று ஆகிவிடும். "நாளைக்குப் படத்தைப் பார்த்துட்டுப் பேசலாம்" என்றேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இரண்டு படத்தையும் மறுபடி போட்டோம். வகுப்பில் செய்வதுபோல ஒரு தாளில் கோடு கிழித்து, இந்தப் படங்களில் வரும் அப்பாக்களை வரிசையாக எழுதச் சொன்னேன்.

முதலில் 2018-இல் வந்த 'புரோலி'. அதற்குத் திரைக்கதை எழுதியது தோரியாமாதான். சண்டைப் படம் என்று எல்லோரும் சொல்வார்கள், எனக்கு அது அப்பாக்களின் படம். பாரகஸ் என்ற அப்பா மகன் புரோலியை விட்டு ஒருநாள்கூடப் பிரிந்ததில்லை. ஆளில்லாத கிரகத்தில் அவனோடே கிடக்கிறார். ஆனால் மகன் கழுத்தில் ஒரு பட்டையை மாட்டியிருக்கிறார். சொன்னபடி கேட்காவிட்டால் ஒரு பொத்தானை அழுத்துவார், மின்சாரம் பாயும். அந்தக் கிரகத்தில் ஒரு பெரிய மிருகத்தோடு பையன் சிநேகமாகிறான். அப்பா அதன் காதைச் சுட்டுத் துண்டாக்கி அந்தச் சிநேகத்தையும் அறுத்துவிடுகிறார். அந்தக் காதைத்தான் புரோலி பெரியவனான பிறகும் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிறான்.

அதே படத்தில் கோகுவைப் பெற்ற அப்பா வருகிறார், பார்டாக். தங்கள் கிரகத்துக்கு ஆபத்து வருகிறது என்று அவருக்குத் தோன்றுகிறது. அவரும் மனைவி ஜினேயும் குழந்தையை ஒரு சிறு விண்கலத்தில் வைத்துப் பூமிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு பிள்ளையைப் பார்க்க அவர்களுக்கு விதியில்லை. கலம் கிளம்பும் இடத்தில் பேரன் தாளைக் கீழே வைத்துவிட்டான். பஸ் ஸ்டாண்டில் அப்பாவை வழியனுப்பிய நாள் அவனுக்கு நினைவு வந்திருக்கலாம். நான் கேட்கவில்லை.

அடுத்தது 2022-இன் 'சூப்பர் ஹீரோ'. இதுவும் தோரியாமா கதை. இந்தியாவிலும் அந்த ஆகஸ்டில் தியேட்டருக்கு வந்தது. சென்னையில் தம்பி வீட்டில் இருந்தபோது ஒரு மாலில் பார்த்தோம். ஆசிரியர்கள் எல்லோரும் பார்க்க வேண்டிய படம். அதில் கோஹான் பெரியவனாகி, எறும்புகளைப் பற்றி ஆராய்ச்சி எழுதிக்கொண்டிருக்கிறான். வீட்டிலேயேதான் இருக்கிறான், ஆனால் மூன்று வயது மகள் பானைப் பள்ளியிலிருந்து கூட்டிவர அவனுக்கு நேரமில்லை. பிக்கோலோ போகிறார். பயிற்சி கொடுப்பதும் பிக்கோலோதான். மகனுக்கு டீச்சராக இருந்தவர் மகளுக்கும் டீச்சர். இதைப் பார்த்து நான் சிரித்தேன். என்னிடம் படித்தவர்களின் பிள்ளைகளுக்கும் அதே வகுப்பில் நான் பாடம் எடுத்திருக்கிறேனே.

ஆபத்து வரும்போது கோகுவுக்குச் செய்தி அனுப்பப் பார்க்கிறார்கள். போய்ச் சேரவில்லை. "அப்பா டியூட்டியில இருக்கும்போது போன் எடுக்க மாட்டார்ல, அது மாதிரி" என்றான் பேரன், கோபமில்லாமல். கடைசியில் பிக்கோலோ அடிபட்டுக் கிடக்கும்போது கோஹான் பொங்கி எழுகிறான். அந்தப் பெரிய எதிரியை அவன் வீழ்த்துவது அப்பாவின் காமேஹாமேஹாவால் இல்லை. பிக்கோலோவின் சொந்த வித்தையால். நெற்றியில் இரண்டு விரலை வைத்து விடுவாரே, அதே கதிர். எந்த வகுப்பில் கற்றுக்கொண்டான் என்று அந்த ஆசிரியருக்கே தெரிந்திருக்காது. அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கியது. உங்களில் ஒருவர் கடையில் கணக்குப் போடும்போது, நான் சொல்லிக்கொடுத்தபடி பத்தாக்கிக் கூட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அதே உணர்ச்சிதான்.

படம் முடிந்ததும் பேரன் தாளில் எழுதியதைக் காட்டினான். பாரகஸ், "கூடவே இருந்தார், கெட்டவர்." பார்டாக், "தூரம் அனுப்பினார், நல்லவர்." கோஹான், "வீட்டில் இருக்கிறார், கவனிக்கவில்லை, பிறகு சரியாகிவிட்டார்." கோகுவுக்கு நேராக எதுவும் எழுதவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கோகு நல்லவன் பாட்டி. ஆனா கோஹானுக்கு என்ன பிடிக்கும்னு அவனுக்குத் தெரியவே தெரியாது" என்றான்.

நான் எதையும் சேர்க்கவில்லை. பத்து வயதுப் பிள்ளை சரியாகப் பிடித்திருந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை போன் செய்தபோது இதைச் சொன்னேன். காதுகுத்தில் கேட்டதையும் மறைக்கவில்லை. வெகுநேரம் பேச்சே இல்லை. பிறகு, "அத்தை, அவன் போன்ல அந்த பேரெல்லாம் சொல்லும்போது நான் சும்மா உம் கொட்டுவேன். எதுவும் தெரியாது" என்றார். அடுத்த வாரம் லீவு நாளில் அறையில் இருந்தவர்களோடு சேர்ந்து 'புரோலி' பார்த்திருக்கிறார். அந்த அறையில் எட்டுப் பேர், ஆறு பேருக்கு ஊரில் பிள்ளைகள். பார்டாக் குழந்தையை அனுப்பும் இடத்தில் அறையில் யாரும் பேசவில்லையாம்.

மறுநாள் போனில் அவரே கேட்டார்: "டேய், அந்தப் பட்டையோட ரிமோட்டை அந்தப் பொண்ணு உடைச்சிட்டா பாத்தியா?" பேரன் போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடிவிட்டான். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் கீழே வந்தான். ஐந்து வருடத்தில் அப்பாவும் பிள்ளையும் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். அதற்கு முன்பெல்லாம் "சாப்டியா, படிச்சியா" என்று இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இப்போது வாரம் ஒரு படம் என்று இரண்டு பேரும் தனித்தனியாகப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். மாப்பிள்ளைக்கு இந்தத் தீபத்துக்கு லீவு கிடைக்கவில்லை. வருத்தம் இருக்கத்தான் செய்கிறது. கார்ட்டூன் பார்த்ததால் அது மாறிவிடவில்லை.

மஸ்கட்டிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் என் பிள்ளைகளே, நீங்கள் ஏன் போனீர்கள் என்று எனக்குத் தெரியும். சிலருடைய வீட்டுக் கடன் கணக்குகூட எனக்குத் தெரியும். திரும்பி வாருங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. உங்கள் பிள்ளை இப்போது என்ன பார்க்கிறது, எந்தப் பாத்திரம் அதற்குப் பிடிக்கும் என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு நீங்களும் அதைப் பாருங்கள். மார்க் கேட்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். தூரத்தில் இருக்கிற அப்பாக்களைப் பற்றிப் பிள்ளைகள் காதுபடப் பேச வேண்டாம். ஊரில் இருக்கிற நாம் கொஞ்ச நேரம் பிக்கோலோவாக இருக்கலாம். பள்ளி விடும் நேரத்தில் போய் நின்றால்கூடப் போதும்.

இன்னொரு செய்தியோடு முடிக்கிறேன். ஜப்பானிய மொழியில் கோகுவுக்குக் குரல் கொடுப்பவர் மசாகோ நோசாவா என்ற அம்மையார். 1936-இல் பிறந்தவர். 1986-லிருந்து பேசி வருகிறார். மகன் கோஹானுக்கும், இளைய மகன் கோத்தனுக்கும், கோகுவின் அப்பா பார்டாக்குக்கும் குரல் அவருடையதுதான். எண்பது வயது தாண்டிய பிறகும் 'சூப்பர் ஹீரோ'வில் அப்பாவாகவும் இரண்டு பிள்ளைகளாகவும் பேசினார். இதைச் சொன்னதிலிருந்து பேரன் என்னையும் காமேஹாமேஹா சொல்லச் சொல்லி நச்சரிக்கிறான். சொல்லிப் பார்த்தேன், மூச்சு வாங்கியது. தாத்தாதான் பயந்து ஓடிவந்தார்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு யாரைப் பிடிக்கும் என்று கீழே எழுதுங்கள். பேரனே படித்துப் பதில் போடுவதாகச் சொல்லியிருக்கிறான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
திருவண்ணாமலை.